பங்களா வாசலில் நின்ற கரகம்

என் தனபாக்கியத்துக்கு,

நலமா என்று கேட்க வழியில்லை. நேராகவே கேட்டுவிடுகிறேன். உன் தங்கை வீட்டுக்குள் அவ்வளவு வேகமாக ஏன் போனாய்?

நீ கண்ணை மூடிய பிறகு அலமேலுவின் புருஷன் முனிரத்தினம் ஊரிகத்து மேட்டில் பங்களா கட்டிவிட்டான். தங்கச் சுரங்கத்துக்கு மரம் கொடுக்கிற காண்டிராக்ட் அவனுக்கு. சீமைக்குத் திரும்பும் துரைமார் ஏலம் விட்ட பிரம்பு நாற்காலிகள், பெரிய கடிகாரம், மான் கொம்புகள் எல்லாம் இப்போது அவன் கூடத்தில். அலமேலு ஜன்னல்களுக்கு ஆரணிப் பட்டில் திரை தைத்திருக்கிறாள். பித்தளை அண்டாக்களில் குரோட்டன்ஸ் செடி. துரை வீட்டில் இருப்பது போலவே சுவரில் குளிர்காயும் கணப்படுப்பும் உண்டு. அதற்குள் குத்துவிளக்கு எரிகிறது. பார்த்துச் சிரிக்கலாம் என்றுதான் போனேன். அழகாக இருந்தது. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கையெழுத்துப் போட நாக்கைத் துருத்துகிறவன் அவன். அவனுக்கு அந்த வீடு. சுரங்க ஆபீசில் இங்கிலீஷில் கடிதம் எழுதும் எனக்கு இன்னும் மூங்கில் தட்டிச் சுவர் வைத்த லைன் வீடு. ஒரு ஜன்னல் போதும் என்றுதானே நீ கேட்டாய்?

அந்தக் கணப்படுப்புக்கு மேலே, இரண்டு மான் கொம்புகளுக்கு நடுவே, உன் படம். அலமேலு கல்யாணத்தில் நாம் சேர்ந்து எடுத்த ஒரே போட்டோவை வைத்துப் பெங்களூரில் பெரிதாக வரையச் சொன்னார்களாம். உன் மூக்குத்திக்குக்கூட வர்ணம் தீட்டியிருக்கிறான் ஓவியன். உன் பக்கத்தில் நின்ற என்னை விட்டுவிட்டான். என் மனைவி இன்னொருவன் சுவரில் தனியாக நிற்கிறாள். யாரிடம் போய்ச் சொல்வது?

போன வெள்ளிக்கிழமை, அவர்கள் மகள் கல்யாணத்துக்கு முன் உன்னைப் பூவாடைக்காரியாக, வீட்டுத் தெய்வமாக அழைத்தார்கள். மஞ்சள் குங்குமத்தோடு போனவளுக்குப் புடவை வைத்துப் படைக்காமல் நம் வடாற்காட்டுக்காரர்கள் பந்தக்கால் நட மாட்டார்களே. விரித்த கம்பளத்தைச் சுருட்டி வைத்துவிட்டுப் பம்பைக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். அலமேலுவே கிணற்றடியிலிருந்து நீ இறங்கிய கரகத்தைச் சுமந்து வந்தாள்.

வாசற்படியில் நின்றுவிட்டாள். உடம்பு நடுங்குகிறது, கால் எடுத்து வைக்கவில்லை. பம்பை முழங்க முழங்க நின்றாள். அந்த வீடு உனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? அலமேலுவின் மகள் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீ உள்ளே வராவிட்டால் கல்யாணம் நின்றுபோகும் என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள்.

பம்பைக்காரர் என்னைப் பார்த்தார். “கட்னவரு வாய் தொறந்து கூப்டணும் சாமி. நீங்க மூஞ்சத் தூக்கி வச்சிகினு நின்னா அந்தம்மா எப்டி வருவா?”

முனிரத்தினம் பக்கத்தில் வந்தான். “அண்ணா, என் மேல இன்னா கோவமிருந்தாலும் இருக்கட்டும். கொயந்தைக்கோசரம் கூப்டுங்க.”

பேசாமல் இருந்திருந்தால் நீ எனக்கே மிஞ்சியிருப்பாய். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

“வா தனம்,” என்றேன். “பாத்துட்டு, நம்ம வூட்டுக்கு வந்துடு.”

முதல் வார்த்தைக்கே அலமேலுவின் கால் படியேறிவிட்டது. மீதியை நீ கேட்டாயா?

முனிரத்தினத்துக்கு எல்லாமே கேட்டிருக்கிறது. இலை போட்டபோது என் காதருகே குனிந்து, “கல்யாணம் முடியட்டும்ணா, அதுக்குள்ள இட்டுகினு பூடாதீங்க,” என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

தாலி கட்டி முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை அதே பம்பைக்காரரை அழைத்துக்கொண்டு அங்கே வருவேன். இந்த முறை கரகத்தை நானே சுமப்பேன். லைன் முழுக்க வேடிக்கை பார்க்கட்டும், ஆபீசில் கேலி செய்யட்டும். வழியில் நீ ஒரு தரம் திரும்பி அந்தப் பட்டுத் திரையைப் பார்த்தாலும் பொறுத்துக்கொள்வேன். வந்துவிடு.

அலமேலுவுக்கு மாமா, முனிரத்தினத்துக்குச் சகலை, எல்லாவற்றுக்கும் முன்னால் உனக்கு மட்டுமே
புருஷன்.