செருப்பு மாற்றும் பலகையும் பூட்டிய பின்வாசலும்

அனுப்புநர்:
நிரப்புக் கொட்டகையின் முன்னாள் பணியாளர்,
மூலை வீடு, கடைசி வரிசை,
தொழிலாளர் குடியிருப்பு.

பெறுநர்:
தொழிற்சாலைகளின் தலைமை ஆய்வாளரும்
நினைவுச்சின்னக் குழுவின் தலைவருமான
உயர்திரு அதிகாரி அவர்கள்,
தலைமை அலுவலகம்.

பொருள்: ஆயுதத் தொழிற்சாலை வெடி விபத்து நினைவுச் சிலையின் வாசகத்தை நீக்கவும், நிரப்புக் கொட்டகையின் பின்வாசலைத் திறந்து வைக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. திறப்பு விழாவுக்கான தங்கள் அழைப்பு கிடைத்தது. இறந்தவர்களின் உறவினர் என்ற முறையில் எனக்கு முன்வரிசையில் இடம் ஒதுக்கியிருக்கிறீர்கள். நன்றி. அழைப்பிதழின் உள்பக்கத்தில் சிலையின் படம் இருந்தது. ஒரு பெண் பலகைமேல் அமைதியாக உட்கார்ந்து, குனிந்து, செருப்பின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருக்கிறாள். கீழே "இறுதி மூச்சிலும் ஒழுங்கு தவறாதவர்கள்" என்ற வாசகம். கோபமில்லாமல் இந்த மனுவை எழுதுகிறேன் என்று சொன்னால் அது பொய். மரியாதைக் குறைவாக ஏதேனும் வந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளுமாறு முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன்.

2. தாங்கள் மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகாததால் பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டியுள்ளது. போருக்கு முன் இது துப்பாக்கி பழுதுபார்க்கும் பட்டறையாக மட்டும் இருந்தது. போர் வந்ததும் கொட்டகைமேல் கொட்டகையாக எழுப்பினார்கள். ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டதால் பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். குண்டுகளின் கூட்டில் வெடிமருந்தை நிரப்பி இறுக்குவது எங்கள் வேலை. அந்த மருந்து எங்கள் தோலையும் முடியையும் மஞ்சளாக்கிவிடும். கடைத்தெருவில் நடந்தால் "காமாலைக் கூட்டம் வருது, வழி விடுங்க" என்று ஒதுங்குவார்கள். என் அக்கா மட்டும் அதற்கு வருத்தப்பட்டதில்லை. "தங்கத்துக்கு ஆசைப்பட்டேன், தலைமுடியாச்சும் தங்கமாச்சே" என்பாள். அவள்தான் எனக்கும் அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவள். அம்மா படுத்த படுக்கை. வீட்டில் அடுப்பெரிந்தது எங்கள் இருவர் சம்பளத்தில்.

3. கொட்டகைக்கு உள்ளே போக ஒரே வழி, செருப்பு மாற்றும் அறை. அந்த அறையின் குறுக்கே முழங்கால் உயரத்தில் அகலமான சிவப்புப் பலகை ஒன்று இருக்கும். பலகைக்கு இந்தப் பக்கம் அழுக்குப் பக்கம், அந்தப் பக்கம் சுத்தப் பக்கம். பலகைமேல் உட்கார்ந்து வெளிச்செருப்பைக் கழற்றி, காலை அந்தப் பக்கம் திருப்பி, ஃபேக்டரி கொடுக்கும் கம்பளிச் செருப்பை மாட்டி, நாடாவை இறுக்கி முடிச்சுப் போட வேண்டும். வெளியே வரும்போது இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். பலகையில் ஒரு நேரத்தில் எட்டுப் பேர் உட்காரலாம். மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டும்.

4. இந்த விதியை நான் குறை சொல்லவில்லை. செருப்படியில் ஒட்டிய ஒரு மணல் தரையில் உரசினால் போதும், கொட்டகையே போய்விடும். ஆனால் ஐயா, தயவுசெய்து ஒன்றை யோசித்துப் பார்க்க வேண்டும். உள்ளே போகும்போது அந்த விதி உயிரைக் காத்தது. வெளியே வரும்போது அது காத்தது செருப்பைத்தான். கம்பளிச் செருப்பு வெளியே போனால் அழுக்காகும், அவ்வளவுதான். வெளுத்துக்கொள்ளலாம்.

5. இதைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. காரணம் உண்டு. மருந்துப் பைகளைத் தைக்கும் ஒரு பெண் எங்களோடு வேலை செய்தாள். தையல்காரி என்றே கூப்பிடுவோம். குழந்தை மாடிப்படியில் விழுந்துவிட்டது என்று ஒரு நாள் அவளுக்குச் செய்தி வந்தது. போட்ட செருப்போடு பலகையைத் தாண்டி ஓடினாள். அன்று மாலையே சீட்டைக் கிழித்துவிட்டார்கள். மறுநாள் எங்களை எல்லாம் வாசலில் நிற்க வைத்து, மேற்பார்வையாளர் அவள் பெயரைச் சத்தமாகப் படித்தார். "குழந்தை உங்க வீட்டு விஷயம், பலகை என் விஷயம்" என்றார். அவரைப் பல்லி என்போம், எப்போதும் சுவரோடு ஒட்டிக்கொண்டு எங்கள் காலையே பார்த்துக்கொண்டிருப்பார். அதற்குப் பிறகு பலகையைப் பார்த்தாலே எங்களுக்குக் கால் கூசும்.

6. விபத்து நடந்த அன்று எனக்குப் பிற்பகல் ஷிப்ட். அக்காவுக்குக் காலை ஷிப்ட். நான் அழுக்குப் பக்கத்தில் நின்று என் செருப்பைக் கழற்றப் போனபோது உள்ளேயிருந்து கருகல் வாடை வந்தது. திரி உலர்த்தும் அறையில் தீப்பிடித்திருக்கிறது என்று பிறகு தெரிந்தது. நிரப்பிய குண்டுகளை அடுக்கும் கிடங்குக்குத் தீ போய்ச் சேர அவகாசம் இருந்தது. பொடி நடையாக நடந்திருந்தாலும் எல்லோரும் முற்றத்தைத் தாண்டியிருக்கலாம். யாரும் ஓடவில்லை. வந்தார்கள், எட்டுப் பேர் உட்கார்ந்தார்கள், மற்றவர்கள் பின்னால் வரிசையில் நின்றார்கள். வரிசையின் வால் கொட்டகைக்குள்ளேயே இருந்தது. புகை அவர்கள் தலைக்கு மேலே வந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் இருமல்.

7. அக்கா பலகையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு செருப்பைக் கழற்றிவிட்டாள். மற்றதன் நாடா முடிச்சு விழுந்து இறுகிவிட்டது. வியர்த்த விரலில் அது அவிழவில்லை. "அக்கா, அப்படியே தாண்டி வா" என்று கத்தினேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கத்தாதடி, பல்லி பார்க்குது. இதோ வரேன்" என்றாள். அவள் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அதுதான். அடுத்து எனக்கு நினைவு வந்தபோது முற்றத்தில் மண்ணில் கிடந்தேன். வலது காது அன்றோடு போனது.

8. அவளை அடையாளம் காட்டியவள் நான். ஒரு கால் வெறுங்காலாக இருந்தது, மற்றக் காலில் கம்பளிச் செருப்பு, முடிச்சு அப்படியே. அவளைப்போலப் பலர் கிடந்தார்கள். மேற்பார்வையாளரும் இறந்தார். அவரைக் கரித்துக்கொட்ட எனக்கு மனம் வரவில்லை. அவரும் தம் இடத்தை விட்டு நகரவில்லை. அவருக்கு மேலே ஒருவர், அந்த ஒருவருக்கு மேலே இன்னொருவர் என்று அவருக்கும் பயம் இருந்திருக்கும். ஆனால் "ஓடுங்க" என்ற ஒரு வார்த்தையை அவர் சொல்லியிருந்தால் அக்கா ஓடியிருப்பாள். அவள் சொன்ன பேச்சைக் கேட்பவள்.

9. இதற்குத்தான் தாங்கள் ஒழுங்கு என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். அது ஒழுங்கு இல்லை ஐயா. வேலை போய்விடும் என்ற பயம். சிலையாக வடித்திருக்கும் அந்தப் பெண் அமைதியாக உட்கார்ந்திருக்கவில்லை. நகம் பெயரப் பெயர முடிச்சைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன்.

10. தையல்காரி இன்றும் இருக்கிறாள். எங்கள் தெருமுனையில் தையற்கடை. தங்கள் அழைப்பிதழை அவளிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "என்னை வேலையை விட்டுத் தூக்கினாங்க. அதனாலதான் உசுரோட இருக்கேன். இதை எந்தக் கல்லுல வெட்டுவாங்களாம்?" என்றாள். அவளும் இந்த மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

11. பழைய கதைக்கு இவ்வளவு ஆத்திரமா என்று தாங்கள் நினைக்கலாம். பழையதாக இருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். தொழிற்சாலையை அதே இடத்தில், அதே அமைப்பில் திரும்பக் கட்டினார்கள். அதே நிரப்புக் கொட்டகை, அதே சிவப்புப் பலகை, உட்கார எட்டுப் பேருக்கு இடம். என் ஒரே மகள் அங்கேதான் வேலை செய்கிறாள். ஏன் அனுப்பினாய் என்று கேட்பீர்கள். இந்த ஊரில் வேறு வேலை எங்கே இருக்கிறது என்று தாங்களே சொல்லுங்கள்.

12. புதுக் கொட்டகையின் பின்சுவரில் ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதைப் பூட்டி, சாவியை அலுவலகத்தில் மாட்டியிருக்கிறார்கள். அந்த வழியாகப் போனால் செருப்பு மாற்ற முடியாதாம். இதைப்பற்றி இப்போதைய மேற்பார்வையாளரிடம் இருமுறை பேசினேன். நல்ல பையன்தான், நாற்காலி போட்டு உட்காரவைத்தார். "அது அந்தக் காலம்மா. இப்ப எல்லாம் மிஷின், பயப்படாதீங்க" என்றார். மிஷினுக்குக் கால் கிடையாது, அது ஓட வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். மனுவை எப்படி எழுதுவது என்று கேட்கப் போனபோது தங்கள் அலுவலகத்து எழுத்தர், "நினைவுச்சின்னம் வேணாம்னு மனு குடுக்கற முதல் ஆள் நீங்கதான்" என்று சிரித்தார். நினைவுச்சின்னம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொய் வேண்டாம் என்கிறேன்.

13. ஆகவே தங்களிடம் பணிவுடன் வேண்டுவன: சிலையின் கீழே அந்த வாசகத்தைப் பொறிக்கக் கூடாது. பின்வாசலின் பூட்டை எடுத்துவிட்டு, உள்ளிருந்து தள்ளினால் திறக்கும்படி செய்ய வேண்டும். புகையோ தீயோ கண்டால் போட்ட செருப்போடு பலகையைத் தாண்டி ஓடலாம், அதற்காக யாரையும் வேலையை விட்டு நீக்க மாட்டோம் என்று தாங்கள் உத்தரவு எழுதி, கொட்டகைக்குள் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும். முதல் இரண்டும் தாமதமானாலும் மூன்றாவது தாமதமாகக் கூடாது.

14. ஏன் இந்த அவசரம் என்பதைச் சொல்லி முடிக்கிறேன். நேற்று, ஞாயிற்றுக்கிழமை, மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் பெரியம்மா எப்படிச் செத்தாள் என்று முதல்முறையாக முழுவதும் சொன்னேன். புகை வந்தால் செருப்பைப் பார்க்காதே, முடிச்சைத் தொடாதே, தாண்டிக் குதித்து ஓடு என்று சொன்னேன். சத்தியம் செய்யச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்: "புகை வந்து, நான் ஓடி, அப்புறம் ஒண்ணுமே ஆகலன்னா? வேலை போயிடுமேம்மா."

வேலை போகாது என்று நான் சொன்னால் செல்லாது ஐயா. தாங்கள் சொல்ல வேண்டும். நாளை காலை அவளுக்கு ஷிப்ட்.

இடம்: தொழிலாளர் குடியிருப்பு
நாள்: திறப்பு விழாவுக்கு முந்தைய திங்கட்கிழமை

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,

(கையொப்பம்)
நிரப்புக் கொட்டகையின் முன்னாள் பணியாளர்,
இந்நாள் பணியாளர் ஒருத்தியின் தாய்

உடன் கையொப்பமிடுபவர்:
(கையொப்பம்)
தெருமுனைத் தையற்கடைக்காரி