தசாவதாரமும் சிவப்புப் பஸ்ஸும்

சிவமயம்

பீல், சுவிஸ்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் யசோதராவுக்கு,

நாங்கள் இங்கே சுகம். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நித்திரை கொண்டு, சுகமாக இருந்தால்தான் அந்தச் சுகமும் முழுச் சுகம். ஃபோன் கையில் இருக்க அம்மா ஏன் கடதாசியில் எழுதுகிறா என்று யோசிப்பாய். வழக்கு முடியும்வரை வட்ஸ்அப்பில் ஒன்றும் எழுத வேண்டாம் என்று நீதானே சொன்னாய், அதோடு கடிதம் என்றால், கண்டதையெல்லாம் ஃபேஸ்புக்கில் போடுகிற குலேந்திரன் அண்ணையின் கைக்குப் போகாது. இங்கே ஒரு கிழமையாக வெயிலைக் காணவில்லை, ஏரிப்பக்கம் முழுக்கப் பனிப்புகார். தம்பி நிருசன் இந்தக் குளிரிலும் சைக்கிளில்தான் மணிக்கூட்டு ஃபக்டரிக்குப் போகிறான், தொப்பி போடடா என்றால் தலைமயிர் கலையுமாம். எனக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையில் இப்போது காலை வேலை, முழங்கால் பரவாயில்லை. உனக்கென்று மிளகாய்த்தூள் வறுத்து அரைத்து வைத்திருக்கிறேன், அமெரிக்காக்காரன் உள்ளே விடுவானோ தெரியாது.

சரி, சுற்றிச் சுற்றி எழுதாமல் விஷயத்துக்கு வருகிறேன். உன் பள்ளிக்கூட நிர்வாகசபை செய்த வேலை எனக்கு இன்னும் ஆறவில்லை. உயிர்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறி வந்ததைச் சொல்லுகிற கூர்ப்புப் பாடம் தொடங்க முன்னம், உயிர்களெல்லாம் இப்போது இருக்கிறபடியே கடவுள் படைத்தவை என்று ஒரு பக்கத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டு என்றார்கள், நீ மாட்டேன் என்றாய், பிறகு நீயும் சில பெற்றோரும் சேர்ந்து கோட்டுக்குப் போனீர்கள். முதலில் கேட்டபோது, ஒரு பக்கம்தானே, வாசித்துவிட்டுப் பாடத்தை நடத்து, ஊரோடு ஒத்துப் போ என்று சொல்ல வாயெடுத்தேன். கோயிலிலை, சேர்ச்சிலை எதையும் சொல்லட்டும் அம்மா, விஞ்ஞான வகுப்பிலை விஞ்ஞானம் இல்லாததை விஞ்ஞானம் எண்டு பிள்ளையளுக்குச் சொல்ல என்னாலை ஏலாது எண்டு நீ சொன்னாய். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. நானும் கடவுளைக் கும்பிடுகிறவள்தான், ஆனால் என் கடவுளுக்கு உன் பாடப்புத்தகத்தில் இடம் பிடிக்க வேண்டிய தேவை இல்லை.

வாயைத் திறந்தது உன் அப்பா. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். சரஸ்வதி பூசையன்று கோவில் மண்டபத்தில் நாலு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள், மைக்கைக் கண்டால் அவருக்குச் சுண்டலும் வேண்டாம் சுவாமியும் வேண்டாம். என்ரை மேள் அமெரிக்காவிலை கோடேறி நிக்கிறாள், அவள் படிப்பிக்கிறது வேறை ஒண்டுமில்லை, எங்கடை தசாவதாரம்தான், முதல் மீன், பிறகு ஆமை, பிறகு பண்டி, பிறகு பாதி மிருகம் பாதி மனிசன், இதைத்தானே வெள்ளைக்காரர் பிந்திக் கண்டுபிடிச்சவை எண்டு ஒரே போடு போட்டார். சனம் கைதட்டியது, நானும்தான் தட்டினேன். குலேந்திரன் அண்ணை அதை வீடியோ எடுத்து, உன் படத்தையும் பள்ளிக்கூடத்தின் பெயரையும் போட்டு ஃபேஸ்புக்கில் ஏற்றிவிட்டார். அந்த மனிதனிடம் வஞ்சகம் இல்லை மகள், எங்கள் சனத்துக்குப் பெருமை வந்தால் தலைகால் தெரியாது. அது நிர்வாகசபை வக்கீலின் கைக்குப் போகும், அவர் ஆள் வைத்து மொழிபெயர்ப்பார், பாருங்கள் இந்த ரீச்சர் தன் சமயத்தைத்தான் படிப்பிக்கிறா, பெற்ற தகப்பனே சொல்லுகிறார் என்று கோட்டில் கொடுப்பார் என்று ஆர் கண்டது!

போன கிழமை நீ எடுத்தபோது ஃபோன் மேசையில் ஸ்பீக்கரில் கிடந்தது, அப்பாவும் பக்கத்தில் இருந்தார். கோட்டில் நீ சொல்ல வேண்டுமென்று உன் வக்கீல் கேட்பது ஒரே ஒரு வசனம்தானாம்: என் தகப்பனுக்கு என் பாடம் தெரியாது, அவர் சொன்னது பிழை என்று. அதை நீ உன் வாயால் சொல்லாவிட்டால் வழக்கும் போய்விடும், பிறகு வேலையும் நிலைக்காது. அப்பாவைப் பிழை எண்டு நீதவானுக்கு முன்னாலை எப்பிடியம்மா சொல்லுறது எண்டு கேட்டுவிட்டு நீ அழுதாய். என் நெஞ்சு வெந்துபோயிற்று. வேறு வீட்டுப் பிள்ளைக்கு இது ஒரு கதையே இல்லை. எங்கள் வீட்டில் அப்படியில்லை, அந்தப் பஸ்ஸால் வந்த வினை.

நாங்கள் சுவிசுக்கு வந்த புதிதில், அகதி விசாரணையில் எங்கள் இரண்டு பேரையும் வேறு வேறு அறையில் வைத்துத்தான் கேட்டார்கள். வவுனியாவிலிருந்து கொழும்புக்கு வந்த பஸ் என்ன நிறம்? அப்பா சிவப்பு என்றார், நான் நீலம் என்றேன். அந்த ஒரு நிறத்தால் நாங்கள் பட்டதெல்லாம் பொய் என்று தள்ளிவிட்டார்கள். மேன்முறையீடு முடியும்வரை எந்த நேரம் வந்து திருப்பி ஊருக்கு விமானம் ஏற்றுவார்களோ என்று உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு பயந்து கிடந்தேன். அன்றிலிருந்து அப்பாவுக்கு ஒரே சட்டம், வீட்டுக்குள் எவ்வளவும் சண்டை பிடிக்கலாம், மேசைக்கு அந்தப்பக்கம் இருந்து கேள்வி கேட்கிறவனுக்கு முன்னால் எங்கள் எல்லோருக்கும் ஒரே சொல். உன் வகுப்பு ரீச்சரிடம் அவர் உன்னுடைய பிறந்தநாளையே மாற்றிச் சொன்னபோதுகூட நீ அப்பாவைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாய், சின்னக் குஞ்சு. பஸ் விஷயத்தில் மட்டும் இன்றைக்கும் சிவப்புத்தான் என்று நிற்கிறார், என்னை நீலக்கண்ணாடி என்று பகிடி வேறு.

அன்று உன் அழுகையைக் கேட்ட பிறகு மனிதரை உன்னோடு கதைக்கச் சொன்னால் தொண்டை கட்டியிருக்கிறதாம். குலேந்திரன் அண்ணை மன்னிப்புக் கேட்க வடையோடு வந்தார், இரண்டு பேரும் தேத்தண்ணி ஆறும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நான் கோவிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். நீதவான் அம்மாவுக்கும் ஒன்று செய்யக் கேட்டேன், ஐயர் நட்சத்திரம் என்ன என்றார், எனக்கு என்ன தெரியும், சுவாமி பெயரிலேயே செய்துவிட்டார். பொட்டு வைக்காமல் வந்தால் நல்லது என்று உன் வக்கீல் சொன்னதாகச் சொன்னாய். அது உன் நெற்றி, உன் விருப்பம், வைத்தாலும் வைக்காவிட்டாலும் நீ என் பிள்ளைதான்.

மகள், நான் சொல்கிறேன், நீ அந்த வசனத்தைச் சொல்லு. அன்று எங்களுக்கு ஒரே சொல் வேண்டியிருந்தது, இன்று உனக்கு உண்மையான சொல் வேண்டியிருக்கிறது. அம்மா சொன்னால் காணாது, அப்பா சொல்லாமல் நீ வாய் திறக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் இன்று காலை கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டு அவருக்குச் சொன்னேன், உங்கடை மேள் உங்களைக் காப்பாத்துறன் எண்டு தன்னை அழிக்கப் பாக்கிறாள் எண்டு. மனிதர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஏரிப்பக்கம் போய்விட்டார். திரும்பி வந்து, கடிதத்தை முடிச்சால் கீழை எனக்குக் கொஞ்ச இடம் விடு, நானே உறையை ஒட்டிப் போஸ்ட் பண்ணுறன் எண்டார். என்ன எழுதப்போகிறார் என்று கேட்டதற்கு, உனக்குத் தேவையில்லாத விஷயம் எண்டார். நல்லதாக எழுதினால் சரி.

கோட்டுக்குப் போகிற அன்று வெறும் வயிற்றோடு போகாதே, ஒரு வாழைப்பழமாவது சாப்பிடு. மெல்லிய சப்பாத்துப் போடாதே. கேள்வியை முழுக்கக் கேட்டுவிட்டு மறுமொழி சொல்லு. முருகன் உன் பக்கத்தில் நிற்பான், சாட்சிக்கூண்டுக்குள் வரமாட்டான், வாசலில் நிற்பான். நோய்நொடி இல்லாமல், தலை நிமிர்ந்து, நீ நீண்டகாலம் வாழ வேண்டும். எல்லாம் முடிந்ததும் இங்கே விடியாத நேரமானாலும் ஃபோன் எடு.

இப்படிக்கு,
உன்னையே நினைத்திருக்கும் அம்மா
ச. புனிதவதி

பிள்ளை, நான் சொன்னது பிழை எண்டு கோட்டிலை சொல்லு. குரல் நடுங்காமல் சொல்லு. அப்பாவுக்கு அதிலை ஒரு குறையும் இல்லை. அந்தப் பஸ் நீலம்தான். கொம்மாவுக்குச் சொல்லிப்போடாதை.
அப்பா