கருகிய கணினிக்கு ஒரு பெட்டி

கண்ணாடிக்குள் வைத்துவிட்டார்கள். துறைமுகத்தடி நூதனசாலையில், துருப்பிடித்த நங்கூரத்துக்குப் பக்கத்தில், என்னுடைய கணினி. "அன்பளிப்பு" என்று உன் பெயர். கீழே சிறிய எழுத்தில் இன்னொரு வரி: மின்மாற்றி கிடைக்காததால் இயக்கப்படவில்லை. செத்த பிறகும் உன் வாய் ஓயவில்லை.

கப்பலில் எஞ்சினியராக இருந்த என் மாமா அதை யப்பானிலிருந்து கொண்டுவந்தார். அந்த நாட்டுக் கரண்ட் நம்முடையதில் பாதிக்கும் குறைவு. இடையில் ஒரு ட்ரான்ஸ்போமர் பெட்டி இல்லாமல் இங்கே அதைக் கரண்டில் கொழுவக்கூடாது, எரிந்துபோகும். கொழும்பில் ஒரு கப்பல் கம்பனி, கணினி தெரிந்தால் வா என்று என்னைக் கூப்பிட்டிருந்தது. எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை. அதனால் பழகுவதற்கு உன் முன்னறையில் கொண்டுவந்து வைத்தேன். பெட்டியை எடுக்க மறுபடி சைக்கிளில் கப்பல்துறைக்குப் போனேன்.

"நான் வருமட்டும் தொடாதை."

"நான் என்ன சின்னப் பிள்ளையே?" என்றாய்.

திரும்பி வந்தபோது அயலட்டைச் சனம் வாசலில் நின்றது. நீ பனையோலை விசிறியால் கணினிக்கு விசிறிக்கொண்டிருந்தாய். "கொஞ்சம் சூடாகிட்டுது மச்சான், ஆறினா சரி."

ரேடியோ திருத்துகிறவர் திறந்து பார்த்தார். உள்ளே எல்லாம் கருகிவிட்டது, இனி ஏலாது என்றார். உன் முகத்துக்கு நேரே சொன்னார். கொழும்பு வேலை போனது. நான் ஐஸ் கம்பனியில் கணக்கெழுதி நரைத்தேன்.

நீ அந்தப் பிணத்துக்குப் பின்னல் துணி போர்த்தி, வாசலில் "கணினி வகுப்பு" என்று பலகை தொங்கவிட்டாய். பிள்ளைகள் விசைகளைத் தட்டுவார்கள். திரையில் என்ன வரும் என்பதை நீ கரும்பலகையில் சோக்கால் எழுதிக் காட்டுவாய். ஏன் சேர் திரை பத்துதில்லை என்று கேட்டால், "பெட்டி அவனிட்ட. தாறானில்லை" என்பாய். கிண்ணியாவிலிருந்து வரும் மீன் வியாபாரிகூட என்னைக் கேட்டார்: "அந்தப் பெட்டியக் குடுத்தா தேஞ்சா போயிருவீங்க?" நடந்ததைச் சொன்னால், பொறாமை, எரிச்சலில் கதைக்கிறான் என்றார்கள். கருகினதுக்கு என்னத்துக்குப் பெட்டி என்று நானும் அதை அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்டேன். நீ சேர். நான் எரிச்சல்காரன்.

நேற்று நூதனசாலையில் உன் மகள் அந்தக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றாள். உன் மூக்குத்தான் அவளுக்கு.

"மாமா, ஞாயிற்றுக்கிழமை அப்பாட்டப் படிச்ச ஆக்கள் எல்லாரும் இங்க வருகினம். கனடாவில இருந்தும் வருகினம். இனியாவது பெட்டியைத் தாங்கோவன். சாகேக்கையும் அப்பா அதைத்தான் கேட்டவர்."

கடைசி மூச்சையும் வீணாக்கவில்லை நீ.

"ஓம் பிள்ளை, நானே கொண்டுவாறன்," என்றேன். அவள் என் கையைப் பிடித்து அழுதாள். அப்பா சொன்ன அளவுக்கு நீங்கள் கூடாத ஆள் இல்லை மாமா என்றாள்.

அலுமாரிக்கு மேலிருந்து பெட்டியை இறக்கித் துருவைச் சுரண்டினேன். புது வயர் போட்டேன். கடையில் கொடுத்துச் சோதித்தும் பார்த்தேன். நன்றாக வேலை செய்கிறது. பெட்டியில் பிழை என்று இனி ஒருவரும் சொல்ல ஏலாது.

ஞாயிறன்று உன் மாணவர்கள் சுற்றி நிற்பார்கள். உன் படத்துக்கு மாலை போட்டிருப்பார்கள். சுவிட்சை உன் மகளே போடட்டும். திரை கறுப்பாகவே கிடக்கும். எல்லோரும் முதலில் பெட்டியைப் பார்ப்பார்கள், பிறகு கணினியை, பிறகு உன் படத்தை.

பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வருவேன். உன்னிடமிருந்து எனக்கு மிச்சமிருப்பது ஒரு வசனம்தான். அதை ஒரு எழுத்தும் குறையாமல் வைத்திருக்கிறேன். உன் மகள் என் பக்கம் திரும்பும்போது சொல்வேன்:

"கொஞ்சம் சூடாகிட்டுது பிள்ளை, ஆறினா சரி."