பேட்டைக்குப் போய் விசாரித்தது

சேரன்மகாதேவி
18.5.1997

அன்பு மகள் சித்ரலேகாவுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நாங்க நல்லா இருக்கோம், அப்பாவுக்கு முழங்கால் வலிதான் விட்டு விட்டு வருது. நீயும் மாப்பிள்ளையும் பேரன் குருபிரசாத்தும் ஒரு குறையுமில்லாமல் இருக்க காந்திமதி அம்மை துணையிருக்கட்டும். அந்த வெளிநாட்டில் பேரன் பள்ளிக்கூடத்தில் கதை வாசிச்சுக் காட்டப் போன உன்னையே போலீஸ் வரைக்கும் விசாரிச்சுத்தான் உள்ளே விட்டாகன்னு போன தடவை வந்தப்போ சொன்னேல்லா, பெத்த தாயையே சந்தேகப்படுத ஊரான்னு அப்பா சிரிச்சாகளே, அந்தப் பேச்சுதான் இந்தக் கோடையில் எங்களைக் காப்பாத்திச்சு.

லீவுக்குத் தெருப்பிள்ளைகளுக்குத் தேவார வகுப்பு வைக்க அப்பாவும் எதிர்வீட்டுக் குமரகுருபரன் அண்ணாச்சியும் ஏற்பாடு பண்ணினாக. ஒருத்தர் தானா வந்தார். நாற்பது வயசிருக்கும், நெற்றி நிறைய திருநீறு, நல்ல குரல். சம்பளம் வேண்டாம், பாட்டும் சொல்லித்தாரேன், ஆத்துக்குக் கூட்டிட்டுப் போய் நீச்சலும் பழக்குதேன்னார். எல்லாருக்கும் சந்தோஷம். முன்னே திருநெல்வேலிப் பேட்டையில் ஒரு டியூஷன் நிலையத்தில் இருந்தாராம். அங்கன ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோம்னு நான் சொன்னதுக்கு, சாமி பாட்டு சொல்லித்தர வாற மனுஷனை இப்படியா அவமானப்படுத்ததுன்னு அப்பா சத்தம் போட்டாக. நான் பேட்டைக்கு பஸ் ஏறிட்டேன். நிலையத்துக்காரர் அருமையான மனுஷன்னு சொல்லி அனுப்பிட்டார். வெளியே வந்தா, அங்கே பாடம் எடுக்கிற சாலோமி டீச்சர் தெருமுனை வரைக்கும் பின்னாலேயே வந்து, எதுக்கும்மா கேக்கீகன்னா. பிள்ளைகளை அவர்கிட்ட விடப் போறோம்னேன். அவ கண்ணு நிறைஞ்சிட்டு. அவன் தப்பா நடந்துக்கிட்டான்னு ரெண்டு பிள்ளைகள் அழுததையும், பேர் கெட்டுப்போகும்னு நிலையத்தில் சத்தமில்லாம அவனை அனுப்பிவிட்டதையும் சொன்னா. யாராவது வந்து கேட்டா சொல்லிடணும்னு இருந்தேம்மா, நீங்க ஒருத்தர்தான் வந்திருக்கீகன்னா. நடுத்தெருவில் அவ கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

வேலை போனாலும் போகட்டும்னு மறுநாளே இங்கே வந்து எல்லார் முன்னாலயும் சொன்னா. அவளைப் பார்த்ததுமே அவன் பையைத் தூக்கினான், அப்பாதான் வழிமறிச்சு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனாக. சாலோமி தைரியம் சொல்லி, அந்தப் பிள்ளைகளைப் பெத்தவங்களும் புகார் கொடுத்திருக்காக, கேஸ் நடக்குது. அவ பயந்தபடியே அவளுக்கு வேலை போயிட்டு. ஆனா அப்பா முழங்கால் வலியோட அலைஞ்சு வேற பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கிட்டாக, ஜூன்ல சேருதா. வகுப்பை நாங்க நிறுத்தலை, இப்போ அப்பாவே பாட்டு சொல்லித்தாராக. சொல்லித்தர யார் வந்தாலும் அவங்க முந்தி இருந்த இடத்துக்கு நேரில் போய், கூட வேலை பார்த்தவங்ககிட்டயும் கேக்கணும், பெரியவங்க ரெண்டு பேர் இல்லாம பிள்ளைகளை எங்கேயும் கூட்டிப் போகக்கூடாதுன்னு வச்சிருக்கோம். முதல்ல என்னை விசாரிங்கன்னு அப்பாவே சொல்லிட்டாக. அண்ணாச்சி அப்பாவோட பழைய ஆபீஸுக்குப் போய், கோபம் ஜாஸ்தி, மத்தபடி சொக்கத்தங்கம்னு கேட்டுட்டு வந்தார். எனக்குச் சிரிச்சு மாளலை. நேத்து பக்கத்து வீட்டு விஜயஸ்ரீயும் நானும் படித்துறையில் காவலுக்கு உக்காந்திருந்தோம். பிள்ளைகள் தண்ணியில் ஒரே கும்மாளம். எதிலிருந்து தப்பிச்சோம்னு அதுகளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். உனக்குத் தெரியணும்னுதான் எழுதுதேன், நீ நல்லா இருப்பே தாயி.

மூணு பேருக்கும் எங்க ஆசீர்வாதம். பேரன் வந்து எதைச் சொன்னாலும் அடுப்பை அணைச்சிட்டு, பக்கத்தில் உக்காந்து முழுசாக் கேளு.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா ஞானம்பாள்