பூவரசந்தாங்கலில் வாங்காத டிக்கெட்

ஊரப்பாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை.

அன்பு மகன் ஸ்டெபினுக்கு,

அம்மா எழுதிக்கொண்டது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், ஆளுக்கொரு மாத்திரை டப்பாவோடு. நீயும் தீபாவும் அந்தக் கால்கரிக் குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போய், வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க ஜெபிக்கிறோம். முந்தாநாள்தான் வீடியோவில் முகம் பார்த்துப் பேசினோம், இதற்குள் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். தீபாவின் பெரியப்பா மகன் ஆரோன் செவ்வாய்க்கிழமை அங்கே கிளம்புகிறான், பருப்புப்பொடிக்கும் நாரத்தங்காய் ஊறுகாய்க்கும் பெட்டியில் இடம் கொடுத்திருக்கிறான், அவற்றோடு இதையும் வைத்து அனுப்புகிறேன். போனில் சொல்லலாம் என்று பல தடவை வாயைத் திறந்தேன். நடுவிலேயே நீ சரி விடும்மா என்று சொல்லிவிடுவாய், அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு அழுகை வந்துவிடும். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் முழுவதும் படி.

இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. நம் தெருவில் வழக்கம்போலத் தண்ணீர் நின்று வழக்கம்போல வடிந்தது. கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வந்ததிலிருந்து ஜிஎஸ்டி ரோட்டைக் கடப்பது பெரிய பேஜாராகிவிட்டது, உன் அப்பாவோ தான் கையைக் காட்டினால் லாரியும் நின்றுவிடும் என்ற எண்ணத்தில் குறுக்கே நடக்கிறார், நீ ஒரு வார்த்தை கண்டித்துச் சொல். மாடியில் காட்டாங்குளத்தூர் கல்லூரிப் பிள்ளைகள் வாடகைக்கு வந்திருக்கிறார்கள், நல்ல பிள்ளைகள், செருப்பைத்தான் படிக்கட்டு நெடுகப் பரப்பி வைக்கிறார்கள். பார், சுற்றி வளைத்துக்கொண்டே போகிறேன். சொல்ல வந்தது நம் ஊரில் லாசரஸ் மாமா டிக்கெட் விற்கிற ஸ்டேஷனைப் பற்றி. பூவரசந்தாங்கலில் அறுப்பின் பண்டிகை எப்படிம்மா நடந்தது என்று நீ கேட்டபோது, நன்றாக நடந்தது என்று சொன்னேன். பண்டிகை நன்றாகத்தான் நடந்தது. ஆனால் அன்றைக்குத்தான் ஸ்டேஷன் நம் கையைவிட்டுப் போனது, அதில் என் பங்கு பெரியது. அதை உன்னிடம் மறைத்தேன்.

ரயில் நிற்பதை எடுத்துவிடாதீர்கள் என்று சபையார் மனு கொடுக்கப் போகிறார்கள், அதோடு இணைக்க ஸ்டேஷன் வரலாறு வேண்டும், நீங்கள்தான் எழுதித் தர வேண்டும் என்று கேட்டது உனக்குத் தெரியும். எனக்கும் பெருமை தாங்கவில்லை, ஆபீஸில் அடுத்தவர் சொல்லச் சொல்ல டைப் அடித்தே காலம் தள்ளியவள், சொந்தமாக ஒன்று எழுதப்போகிறேன் என்று. நம் ஊர் பெரிய ஊர் என்பதால் அங்கே ரயில் நிற்கவில்லை ஸ்டெபின். அந்தக் காலத்துக் கரி இன்ஜினுக்கு நடுவழியில் தண்ணீர் தேவைப்பட்டது, எங்கள் தாங்கல் ஏரியில் கோடையிலும் தண்ணீர் கிடந்தது, அதனால் நின்றது. நின்ற ரயிலில் ஊர்க்காரர்கள் சும்மா ஏறிக்கொள்வார்கள், கார்டு கொடியால் அடித்து இறக்கிவிடுவாராம். மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் மேலிடத்துக்கு எழுதி எழுதி ஒரு தகரக் கொட்டகையும் பெயர்ப் பலகையும் வாங்கினார்கள். பிறகு மின்சார இன்ஜின் வந்தது, அதற்குத் தண்ணீர் வேண்டாம், ஸ்டேஷனும் வேண்டாம் என்றார்கள். ஊரே தண்டவாள ஓரத்தில் பாய் விரித்து உட்கார்ந்து உபவாச ஜெபம் செய்தது. கடைசியில் ஸ்டேஷன் மாஸ்டரும் இல்லாமல் சிக்னலும் இல்லாமல் ஹால்ட் என்று ஆக்கிக் கொடுத்தார்கள். ஊர்க்காரர் ஒருவரே பெரிய ஸ்டேஷனில் முன்கூட்டிப் பணம் கட்டி டிக்கெட் கட்டு வாங்கி வந்து விற்க வேண்டும், விற்றதற்குக் கமிஷன். முதலில் உன் தாத்தா விற்றார், அவருக்குப் பின் என் தம்பி, உன் லாசரஸ் மாமா. கொரோனாவுக்குப் பிறகு பல ரயில்கள் நிற்காமலே போக ஆரம்பித்து, காலையில் விழுப்புரம் பக்கம் போவது ஒன்றும் மாலையில் தாம்பரம் வருவது ஒன்றும்தான் மிச்சம். இதையெல்லாம் எழுதி, கடைசியில் இந்த ஸ்டேஷனிலிருந்து புறப்பட்டுப் போய் முன்னுக்கு வந்தவர்கள் என்று ஒரு பக்கம் எழுதினேன். வேலூருக்கு நர்ஸ் படிக்கப் போனவர்கள், ஆவடிக்கு வேலைக்குப் போனவர்கள், தாம்பரத்தில் டைப்ரைட்டிங் படிக்கப் போன நான், கனடா வரை போன நீ. அதை எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது.

மனுவைப் பார்த்துவிட்டு, நேரில் பார்க்க ஒரு அதிகாரி வருவார் என்று பதில் வந்தது. அதிகாரி வரும் நாளில் கூட்டம் இருக்க வேண்டும் அல்லவா, அறுப்பின் பண்டிகை ஞாயிறுக்கே வரச் சொல்லிக் கேட்டு வாங்கியது நான்தான். தாம்பரம், பெருங்களத்தூர், மாடம்பாக்கம் என்று சிதறிக் கிடக்கிற நம் ஊர்க் குடும்பங்கள் எல்லாம் வழக்கமாகக் காரிலோ பஸ்ஸிலோ வருவார்கள், இந்தத் தடவை அத்தனை பேரும் ரயிலில்தான் வர வேண்டும் என்று குரூப்பில் மெசேஜ் போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். உன் அம்மாவுக்குத்தான் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தியாக வேண்டுமே. மாலையில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கவுண்டரில் நின்றால் லாசரஸ் ஒருவனாகத் திணறுவான், யாராவது ரயிலை விட்டுவிடுவீர்கள், அதனால் எல்லாரும் கிளம்பும்போதே போனில் ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள் என்று கீழே சேர்த்துப் போட்டேன். நீகூட அங்கிருந்து சூப்பர்மா என்று கட்டைவிரல் காட்டினாய். உன்னைக் குறை சொல்லவில்லை, எல்லாருமே காட்டினார்கள். நம்மில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

அன்றைக்குக் காலையில் ரயிலில் இருந்து இறங்கிய கூட்டத்தைப் பார்த்து மாமாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சலவைச் சட்டை போட்டு, பெயர்ப் பலகைக்குக் கீழே கோலம் போடச் சொல்லி, மாலைக்கென்று கூடுதலாக ஒரு கட்டு டிக்கெட் வாங்கி வைத்திருந்தான். அதிகாரி ஸ்ரீவித்யா என்று ஒரு சின்ன வயதுப் பெண், ஞாயிறு என்றும் பாராமல் வந்திருந்தாள், பிளாட்பாரத்தில் அப்பா என் வரலாற்றை வாசித்தபோது போனைப் பார்க்காமல் கேட்டாள், ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டபோது நம்மோடு உட்கார்ந்து ஒரு பூசணிக்காய்கூட எடுத்தாள். அப்பா ஒரு சேவலை ஏலத்தில் எடுத்தார், அது இப்போது நம் பின்கட்டில் இருக்கிறது, மாடிப் பிள்ளைகளைத் தூங்கவிடுவதில்லை, எனக்கும் அது கூவும்போதெல்லாம் அன்றைய நினைவுதான். மாலையில் வாழைத்தாரும் பூசணிக்காயும் கரும்புமாக எல்லாரும் பிளாட்பாரத்தில் வந்து நின்றோம். அந்தப் பெண் கவுண்டர் பக்கத்தில் போய் நின்றாள். மாமா ஜன்னலைத் திறந்து வைத்து, டிக்கெட் கட்டை முன்னால் எடுத்து வைத்து உட்கார்ந்திருந்தான். யாரும் போகவில்லை. செங்கல்பட்டுக்குப் போகிற ஒரு அம்மாவும் அவள் மகளும் வாங்கினார்கள், அவ்வளவுதான். எல்லார் டிக்கெட்டும் அவரவர் போனில் இருந்தது. ஜன்னலுக்குள் மாமா முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது, அதற்குள் ரயில் வந்துவிட்டது.

ரயில் கிளம்புவதற்குள் ஓடிப்போய் அந்த அதிகாரிப் பெண்ணிடம், கூட்டத்தைப் பார்த்தீர்கள் அல்லவா என்று கேட்டேன். அவள் மரியாதையாகத்தான் சொன்னாள், கூட்டம் பார்த்தேன் மேடம், ஆனா நான் எழுத வேண்டியது இங்க வித்த டிக்கெட்தான், ஏற்கெனவே விற்பனை கம்மின்னு ஃபைல்ல இருக்கு, இன்னிக்கி ஒரு நாளாவது நல்லா வித்திருந்தா அதை வச்சு ஏதாவது எழுதியிருப்பேன் என்று. பக்கத்தில் நின்ற கிருபா அத்தை, புருஷன் முகத்தைப் பார்த்துப் பொறுக்காமல், இன்னா அண்ணி, ஊரையே கூட்டியாந்து இவர்கிட்ட மட்டும் யாரும் வாங்காதீங்கன்னு சொல்லி வச்சிட்டீங்களே என்றாள். மாமா ஜன்னலுக்குள்ளிருந்தே, சும்மா இரு கிருபா, நான் கஷ்டப்படக் கூடாதுன்னுதான் அக்கா சொல்லிச்சு என்றான். அத்தை திட்டியது வலிக்கவில்லை, அவன் சொன்னதுதான் இன்னும் குத்துகிறது.

ரயிலில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு மட்டுமா? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஊருக்குப் போகும்போதெல்லாம் இங்கேயே ரிட்டர்ன் எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறேன், திரும்பி வர அவசரப்படுகிறவள் அல்லவா. தம்பி டிக்கெட் விற்கிற ஜன்னலைத் தாண்டித் தாண்டிப் போய் வந்திருக்கிறேன், ஒரு தடவைகூட அவனிடம் வாங்கவில்லை. நம் சனங்கள் எல்லாரும் அப்படித்தான். ரயில்வே கணக்கைப் பார்த்தால் பூவரசந்தாங்கலுக்கு ஆட்கள் வருகிறார்கள், அங்கிருந்து கிளம்புகிறவர்கள் யாருமே இல்லை. அந்த ஊரிலிருந்து கிளம்பியவர்களைப் பற்றித்தான் நான் ஒரு பக்கம் பெருமையாக எழுதியிருந்தேன்.

புதன்கிழமை உத்தரவு வந்துவிட்டது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து இரண்டு ரயிலும் அங்கே நிற்காது, மாமாவின் ஏஜென்சியும் அத்தோடு முடிகிறது. அவனுக்கு நிலம் இருக்கிறது, சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை, நீ அதற்காகக் கவலைப்படாதே. ஆனால் ரயில் நேரத்துக்குக் குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு போய் உட்காருகிறவன், இனி அந்த நேரத்துக்கு என்ன செய்வான் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று நான் மட்டும் போனேன், போக மட்டும் டிக்கெட் எடுத்துக்கொண்டு. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன், அவன் அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா, காபி குடி என்று பேச்சை மாற்றிவிட்டான். மாலையில் ஜன்னலில் நின்று ஊரப்பாக்கம் ஒன்று என்றேன். மற்றவர்களைக் கேட்கிற மாதிரியே தலை நிமிராமல், போக மட்டுமா, திரும்பி வரவுமாக்கா என்று கேட்டான். திரும்பி வரவும் என்றேன். ஊரப்பாக்கம் போய்த் திரும்பப் பூவரசந்தாங்கல் வர, என் வயதுக்கு இப்படி ஒரு டிக்கெட்டை முதல் தடவை வாங்கினேன். அது இன்றைக்கு மட்டும்தான் செல்லும், இதோ மேஜைமேல் இருக்கிறது. வாங்கும்போது மாமா சந்தோஷத்துக்குத்தான் வாங்கினேன், வீணாகப் போனால் போகட்டும் என்று. ராத்திரி முழுக்க அதைப் பார்த்துப் பார்த்து இப்போது மனசு மாறிவிட்டது. காலை ரயிலுக்கு நானும் அப்பாவும் கிளம்புகிறோம், ஆராதனைக்கு அங்கேயே போகிறோம், அப்பா இப்போதே சட்டை மாட்டிக்கொண்டு கதவருகில் நிற்கிறார்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். டிசம்பருக்கு ரிட்டர்ன் போட்டாச்சும்மா என்று நீ சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். வருவதற்கு முன்பே போகிற தேதி எனக்குத் தெரிந்துவிடுகிறது, நீ கால்கரியிலிருந்து கிளம்பி கால்கரிக்குத் திரும்புகிறாய், நடுவில் நாங்கள். உன்மேல் வருத்தப்பட எனக்கு வாயில்லை கண்ணா, அதையேதான் என் தம்பிக்கு நான் செய்துகொண்டிருந்தேன். ஆனாலும் கேட்கிறேன். அதற்கடுத்த தடவை வரும்போது வர மட்டும் டிக்கெட் எடு, போகிற டிக்கெட்டை இங்கே வந்து எங்களோடு உட்கார்ந்து எடு. அது வீண்செலவு என்று அப்பா கதவருகிலிருந்து சத்தம் போடுகிறார், அவர் பேச்சைக் கேட்காதே.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. தீபாவுக்கு எங்கள் அன்பும் ஆசியும். ஊறுகாயை ஈரக் கரண்டியால் தொடாதீர்கள். இந்த வாரம் லாசரஸ் மாமாவைக் கூப்பிட்டுப் பேசு, ஸ்டேஷனைப் பற்றி ஒன்றும் கேட்காதே, சும்மா பேசு.

என்றும் உன் அன்பு அம்மா,
ஈவ்லின் எட்மண்ட்.