இடது கைக்கு வேலையில்லாத பம்பு

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. நீ அனுப்பிய மருந்தடிக்கும் பேட்டரி பம்பு நல்லபடியாக வந்து சேர்ந்தது. அதுவும் நலம், நானும் நலம், உன் அப்பா நலமாக இருப்பதாக அவரே சொல்லிக்கொள்கிறார். நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "அப்படியெல்லாம் இல்லப்பா" என்று ஒன்பது திருத்தம் போடுகிறார். காகிதத்தில் அவருக்கு அந்த வசதி இல்லை.

பெட்டி வந்த அன்று கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு, பச்சைக் குழந்தையைத் தூக்குவது போலப் பம்பைத் தூக்கி வெளியே வைத்தார். கூடவே ஒரு புத்தகம். பன்னிரண்டு மொழியில் அச்சடித்திருக்கிறார்கள், நம் மொழிக்கு வரும்போது மட்டும் தாள் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. படங்கள் இருந்தன. வாயையும் மூக்கையும் மூடி, கண்ணாடி மாட்டி, கையுறை போட்ட ஒரு ஆள். "திருடன் படத்த எதுக்குப் போட்டிருக்கான்" என்று கேட்டுவிட்டு உன் அப்பா புத்தகத்தை அலமாரிக்கு மேலே எறிந்தார். முப்பது வருஷமாக மருந்தடிப்பவருக்குப் படம் பார்த்தா தெரிய வேண்டும். தொட்டிக்கு அடியில் குழாயைத் திருகினார், குழாய் நுனியில் கம்பியை, கம்பி நுனியில் மருந்து பீய்ச்சும் நாசிலை. எல்லாம் மாட்டி முடித்த பிறகு தரையில் ஒரு கறுப்பு ரப்பர் வாஷர் அநாதையாகக் கிடந்தது. "கம்பெனிக்காரன் தாராள மனசுக்காரன், உபரியா ஒண்ணு வச்சிருக்கான்" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்ததும் "நெறஞ்சிருச்சு" என்று பிடுங்கப் போனவரைத் தடுத்து, பச்சை வரும் வரை எட்டு மணி நேரம் நான் காவல் இருந்தேன். பச்சை வந்தால்தான் நிறைந்தது என்பது நீ அனுப்பிய வீடியோவில் இருந்தது. அந்த வீடியோவில் மருந்தடிக்கும் ஆள் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு சிரித்துக்கொண்டே அடிக்கிறான். அவன் தோட்டத்தில் சேறும் இல்லை, முள்ளும் இல்லை, அவனுக்குப் பெண்டாட்டியும் இருக்க மாட்டாள்.

முதல் தடவை வெறும் தண்ணீர் ஊற்றித்தான் பார்க்க வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். "தண்ணிய அடிச்சா பூச்சி குளிச்சிட்டுப் போகும்" என்று கேலி பேசிக்கொண்டே முதுகில் மாட்டி ஸ்விட்சைப் போட்டார். நாசிலில் ஒரு பொட்டுத் தண்ணீர் வரவில்லை. அத்தனையும் அவர் முதுகுத்தண்டு வழியாக இறங்கி வேட்டியை நனைத்து செருப்பு வரைக்கும் போயிற்று. கம்பெனிக்காரனின் தாராள மனசு எந்த இடத்துக்கானது என்று அப்போது புரிந்தது. மருந்தாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! வாஷரை நானே எடுத்துப் போட்டு இறுக்கினேன்.

இனி சொல்வதைப் பொறுமையாகப் படி. உனக்கே தெரியும், எலுமிச்சையில் இலை சுருண்டுகொண்டு வந்தது. இந்த வாரம் மருந்தடிக்காவிட்டால் பூவெல்லாம் கொட்டிவிடும், பூ கொட்டினால் தோட்டத்தை விற்றுவிட்டு உன்னோடு பத்தாவது மாடிக்கு வந்துவிட வேண்டும் என்று நீ போனில் சட்டம் போட்டாய். உன் அப்பாவின் இடது தோள் போய் ஒரு வருஷம் ஆகிறது. அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். சட்டை மாட்டும் ஆணிக்கு ஒரு முழம் கீழே புது ஆணி ஒன்று அடித்திருக்கிறார். கேட்டால் மேலே சுவர் சரியில்லையாம். பழைய பம்பில் வலது கை கம்பியைப் பிடிக்கும், இடது கை நெம்புகோலை ஓயாமல் ஏற்றி இறக்க வேண்டும். அந்த வேலையை மிச்சப்படுத்தத்தான் நீ இதை அனுப்பினாய். ஆனால் மறுநாள் காலை தொட்டி நிறைய மருந்தோடு இறங்கியவர், மோட்டார் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, இல்லாத நெம்புகோலை இடது கையால் காற்றில் அடித்துக்கொண்டே போகிறார்! பக்கத்துத் தோட்டத்து வாத்தியார் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து "அண்ணே, யாருக்கு டாட்டா காட்டுறீங்க" என்று கேட்டார். நானும் சிரித்தேன். ஒரு வரிசை கூட முடியவில்லை, பம்பை இறக்கி வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து தண்ணீர் டம்ளரை இடது கையால் எடுத்தார், பாதி தூக்குவதற்குள் கீழே விட்டார். எறும்பு கடித்துவிட்டதாம். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "அவன் சொல்ற மாதிரி வித்துரலாம்" என்றார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் அவர் முடிவெட்டப் போன நேரம் பார்த்து அலமாரி மேலிருந்து திருடனை இறக்கினேன். அவன் போலவே வாயைக் கட்டி, கண்ணாடி மாட்டி, உன் அப்பாவின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டேன். பாதித் தொட்டிதான் நிரப்பினேன், அதற்கு மேல் என் முதுகு தாங்காது. காற்று இல்லாத காலை. மூன்றாவது வரிசையில் இருக்கும்போது வேலிப்பக்கம் இருந்து "யாருய்யா நீ, உன்ன யாரு கூப்பிட்டா" என்று ஒரு அதட்டல். உன் அப்பாதான், நாற்பது வருஷம் கூட இருந்த மனுஷன். வாயைத் திறந்து "இலைக்கு அடிப்பக்கம் அடிக்கணுமா, மேலயா" என்று கேட்டேன். கிட்டே வந்து ஒரு இலையைத் திருப்பிப் பிடித்து, "அடிப்பக்கம்" என்றார். அதன்பிறகு மருந்து கலப்பது அவர், சுமப்பது நான். இரண்டு காலையில் பதினொரு வரிசையும் முடிந்தது. இப்போது வருகிற கொழுந்து நேராக வருகிறது, பூ நிற்கிறது. அவர் என் பின்னாலேயே வந்து குறை சொல்கிறார், இடது கை இன்னும் காற்றில்தான் லேசாக ஏறி இறங்குகிறது.

கடிதத்தை வாங்கிப் படித்தார். வாஷர் கதையை அடித்துவிடு என்றார். நான் மருந்து மட்டும்தான் அடிப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

தோட்டம் விற்பதாக யாரிடமாவது பேசியிருந்தால் இல்லை என்று சொல்லிவிடு. "அப்பாவால இனி முடியுமா" என்று ஒரு வருஷமாகக் கேட்டாய், அவரும் முடியும் முடியும் என்று சொன்னார், இரண்டு பேரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பம்பின் தோள்வாரைச் சின்ன அளவில் வாங்கியிருப்பாய். பரவாயில்லை, நானே இரண்டு ஓட்டை கூடுதலாகப் போட்டுக்கொண்டேன். நீயும் மருமகளும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருங்கள். ஊருக்கு வரும்போது கையுறை வாங்கி வர மறக்காதே. என் கை அளவுக்கு.

இப்படிக்கு,
பதினொரு வரிசைக்கும் மருந்தடித்த
உன் அம்மா