முதல் தளத்துக்கு எறிந்த பந்து

கொன்சுவேலோ,
ஜூலை 9, 1983

அன்பு மகன் எலாடியோவுக்கு அப்பா எழுதுவது.

இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி எழுத வைத்ததல்ல. மாலைப் பள்ளியில் எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்த டீச்சரே நம்பவில்லை. ஒரு வரி முடிவதற்குள் காப்பி ஆறிவிடுகிறது, ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மா நலம்.

நீ பெரிய லீக் பேஸ்பால் அணிக்குப் போனதிலிருந்து மமெர்த்தோவின் மளிகைக் கடையில் உட்கார இடமில்லை. ரேடியோ அங்கேதானே இருக்கிறது. நீ எழுந்து பந்து வீசக் கையைச் சூடேற்றுகிறாய் என்று அறிவிப்பாளர் தினமும் சொல்கிறார். கடையே எழுந்து நிற்கிறது. பிறகு வேறு யாரையோ களத்துக்கு அனுப்புகிறார்கள். நாங்கள் உட்கார்ந்துவிடுகிறோம்.

"உங்க பையன் என்ன அடுப்பா? சூடு மட்டும் ஏறுது, சோறு வரலையே" என்கிறான் மமெர்த்தோ. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உன்னை எப்போது இறக்குவார்கள்?

உன் அப்பா,
சேவேரினோ


பயண விடுதி,
ஆகஸ்ட் 2

அன்புள்ள அப்பா,

உங்கள் எழுத்தைப் பார்த்து அறையில் தனியாகச் சிரித்தேன். இங்கே வந்த பிறகு கிடைத்த ஒரே நல்ல செய்தி அதுதான்.

எப்போது என்று மட்டும் கேட்காதீர்கள். பந்து வீசுபவர்கள் காத்திருக்கும் கூண்டில் ஒரு தொலைபேசி இருக்கிறது. அது அடித்தால் எழுந்து முழு வேகத்தில் வீசிப் பழக வேண்டும். மறுபடி அடித்தால் உட்கார வேண்டும். சில நாள் ஒரே ஆட்டத்தில் இரண்டு மூன்று முறை இப்படி. மானேஜர் ஹார்லனிடம் கேட்டேன். "நீ அங்க இருக்கேங்கிறதுதான் எனக்குத் தைரியம்" என்று தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

கூண்டில் வீசுவது எந்தக் கணக்கிலும் வராது. ஒரு மட்டைக்காரனுக்கும் வீசாமல் என்னைக் கீழ் லீக்குக்குத் திருப்பி அனுப்பினால், நான் இங்கே வரவே இல்லை என்றுதான் ஆகும். எனக்கு முப்பத்தொரு வயது. இன்னொரு அழைப்பு வராது. ஒரே ஒரு பந்து போதும் அப்பா.

கடையில் என்னைப் பற்றிப் பேசாதீர்கள்.

எலாடியோ


கொன்சுவேலோ,
செப்டம்பர் 5

அன்பு மகனே,

பேசாமல் எப்படி இருப்பது? உன்னைக் களத்தில் இறக்கிவிட்டார்களே.

எதிரணிக்காரன் ஒருவன் முதல் தளத்தில் நிற்கிறான். இன்னும் ஒருவன் அவுட்டானால் சுற்று முடியும். நீ மட்டைக்காரனுக்கு வீசப்போகிறாய் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். நீ முதல் தளத்தில் காவல் நிற்கும் உங்கள் ஆளுக்கு எறிந்தாய். மறுபடியும் அங்கேயே. மூன்றாம் முறை எறிந்தபோது, தளத்தை விட்டு நகர்ந்து நின்றவன் மாட்டி அவுட்டானான். சுற்று முடிந்தது. அடுத்த சுற்றுக்கு வேறொருவன் வந்துவிட்டான்.

ஒருவனை அவுட்டாக்கிய பெருமை உன் பேரில்தான் என்றார் அறிவிப்பாளர். மட்டைக்காரனுக்கு ஒரு பந்துகூடப் போகவில்லையே என்று பாதிக் கடை சண்டை பிடித்தது. "பொண்ணு வீட்டு வாசல் வரைக்கும் போயி, நாயை வெரட்டிட்டுத் திரும்பியிருக்கான்" என்றான் மமெர்த்தோ. ஆடிக்கொண்டிருந்த டோமினோ கட்டைகளை வாரி எறிந்துவிட்டு வந்துவிட்டேன்.

வழியில்தான் எனக்கு உறுத்தியது. வீசுவதற்கென்றே இத்தனை நாள் காத்திருந்தவன் ஏன் அங்கேயே எறிந்துகொண்டிருந்தான்? கை வலிக்கிறதா? உண்மையைச் சொல்.

அப்பா


பயண விடுதி,
செப்டம்பர் 14

அன்புள்ள அப்பா,

வலிக்கிறது. முழங்கைக்குள் யாரோ கம்பியைப் பிடித்து இழுப்பது போல. தினமும் கூண்டில் வீசி வீசி வந்தது. அன்று பந்து பிடிப்பவன் வேகப்பந்து கேட்டான். அந்த வேகத்தில் வீசினால் கை போய்விடும் என்று பயந்தேன். அதனால்தான் முதல் தளம்.

இங்கே கை வலிக்கிறது என்று சொன்னவனை மறுநாள் யாரும் கூப்பிட மாட்டார்கள். அதனால் எல்லாரும் மறைக்கிறோம். இன்று சாயங்காலம் ஹார்லன் வந்தார். "நாளைக்கு எட்டாவது சுற்று உன்னோடது. முதல்லேர்ந்து நீயே போடு" என்றார். கோடை முழுவதும் இந்த வார்த்தைக்குத்தான் ஏங்கினேன்.

ஒன்று, காலையில் அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சாயங்காலம் களத்தில் இறங்க வேண்டும். எது என்று இன்னும் எனக்கே தெரியவில்லை.

எலாடியோ


கொன்சுவேலோ,
செப்டம்பர் 25

அன்பு மகனே,

அந்த எட்டாவது சுற்றையும் கேட்டேன். அறிவிப்பாளர் வேறொருவன் பேரைச் சொன்னார். ஹார்லனைக் கடை அதிரத் திட்டினேன். மமெர்த்தோதான் பிடித்து உட்கார வைத்தான். இன்று உன் கடிதம் வந்தது. அப்போதுதான் புரிந்தது, உன்னை யாரும் தடுக்கவில்லை. நீயே போய்ச் சொல்லியிருக்கிறாய்.

பொய் சொல்ல மாட்டேன். அந்த ஒரு பந்து எனக்கும் வேண்டியிருந்தது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். பிறகு அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "பந்து கெடக்கட்டும். பையனுக்குக் கை நல்லாகுமா, அதக் கேளுங்க" என்றாள். அதைத்தான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். நல்லாகுமா?

உன் கை அவர்கள் வேலையில்தான் கெட்டது. அறுவை சிகிச்சையோ என்னவோ, அவர்கள் செலவில் அங்கேயே முடித்துக்கொள். டிக்கெட்டைக் கையில் கொடுத்து ஊருக்குப் போ என்றால் கிளம்பிவிடாதே.

நீ வீசுவதும் எழுதுவதும் இடது கையால்தானே, அதைக் கட்டிவிடுவார்கள். பரவாயில்லை, வலது கையால் எழுது. கோணல்மாணலாகத்தான் வரும். அவசரப்படாதே, நானும் மெதுவாகத்தான் படிப்பேன்.

உன் அப்பா,
சேவேரினோ